நெரீடாவின் வடக்கு ஜன்னல்

நெரீடாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கையுறை இல்லாமல் உட்கார வேண்டும். சிரிக்காதீர்கள். பூமியின் தெற்குக் கோடியில், எங்கள் ஹுவான் ஆற்றங்கரையில், குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூன் மாதம் ஒரு வாடகை வீட்டில் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள். பலகைச் சுவர், இடுக்கெல்லாம் காற்று, மூலையெல்லாம் பூஞ்சை. அவள் வேறு மீன் தொழிற்சாலையில் ஐஸுக்குள் கைவிட்டு சால்மன் அறுத்தே தலை நரைத்தவள். கொஞ்சம் குளிர் பட்டாலும் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும். ரத்தம் திரும்பும்போது வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து மேஜையில் மீன் அறுத்தவள் நான், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அறுபதை நெருங்கும் வயதில் ஊர் ஓரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினாள். யாரும் சீந்தாத சரிவு நிலம். அதில் ஒரு சின்ன வீடு. ஒரு கூடம், அதிலேயே சமையல், ஒரு படுக்கையறை, குளியலறை, அவ்வளவுதான். சுவருக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேலே சுண்ணாம்புக் கலவை. வடக்குப் பக்கம் முழுக்க இரட்டைக் கண்ணாடி ஜன்னல். யாரோ அளவு தப்பாகச் செய்யச் சொல்லி வேண்டாமென்று விட்டது, சல்லிசாகக் கிடைத்தது. தரை கறுப்புக் கான்கிரீட். எங்கள் தென்கோடியில் குளிர்காலச் சூரியன் வடக்கே தாழத்தானே நிற்கும்? வெயில் நேராக உள்ளே வந்து தரையில் படுத்துக்கொள்ளும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். விறகு வேண்டாம், கரண்ட் பில் பயம் வேண்டாம். புகைபோக்கிக்குக்கூட இடம் விடாமல் கட்டினாள், அவ்வளவு தெம்பு.

வடக்கே வேலிக்கு அந்தப் பக்கம் ரெக்ஸின் நிலம். வேலியை ஒட்டிக் கோழிக்கூண்டும் உருளைக்கிழங்குப் பாத்தியும்தான் இருந்தன. வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த பெண் விஷயம் தெரிந்தவள். வெயிலை நம்பித்தான் இந்த வீடே, எதிரே உயரமாகக் கட்டமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிப் பதிந்துவிடுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நெரீடாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ரெக்ஸ்கிட்ட போய் பேப்பர் கேக்கறதா? அதுக்கு அந்தாளு மூஞ்சில காறித் துப்பிட்டு வரலாம்.”

இதில் அவளைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் யாருமே கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனிடம் எழுதிக் கொடு என்றால், உன்னை நான் நம்பவில்லை என்று அர்த்தம். ரெக்ஸ் வேலிமேல் சாய்ந்து, பீர் பாட்டிலை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டினார். “நான் இருக்கற வரைக்கும் உன் வெயில்ல என் நிழல்கூட விழாது, போ,” என்றார். கைகுலுக்கினார்கள். பேச்சு முடிந்தது.

இங்கே வீடு கட்டுகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டால் போதும், ஊரே சுத்தியலோடு வந்து நிற்கும். கூலி கிடையாது. ரொட்டியில் மடித்த சாசேஜும் வதக்கிய வெங்காயமும், வேலை முடிந்ததும் பீரும். ஆனால் உனக்கு வந்தவன் கட்டும்போது நீ போயே ஆகவேண்டும். நெரீடாவுக்காக ஊரைத் திரட்டியதே ரெக்ஸ்தான். கடைசி வைக்கோல் கட்டு இடுக்கில் நுழையாமல் அடம்பிடித்தபோது முதுகால் முட்டி முட்டித் தள்ளினார். மாடு வந்து சுவரைத் தின்றால் என்னைக் கேட்காதே என்று அவளை நாள் முழுக்கக் கிண்டல் வேறு.

முதல் குளிர்காலத்தில் போய்ப் பார்த்தேன். வெளியே புல்லெல்லாம் பனி உறைந்து மொறமொறவென்றிருந்தது. உள்ளே அவள் வெறுங்காலோடு, வெறுங்கையோடு டீ ஊற்றினாள். விரல்கள் நல்ல சிவப்பாக இருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

அடுத்த குளிர்காலமும் அப்படியே நல்லபடியாகப் போயிற்று. அதற்கப்புறம் ரெக்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது, சரி என்பதற்கு இங்கே எல்லாரும் சொல்லும் ‘ரைட்டோ’ என்ற ஒரே வார்த்தை. சந்தோஷத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். குவீன்ஸ்லாந்தில் இருந்த மகள் டெனீல் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ரெக்ஸ் குடியிருந்த தகரக் கொட்டகையில் சக்கர நாற்காலி திரும்பக்கூட இடமில்லை. கீழே அப்பாவுக்கு, மேலே தனக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒரு மாடி வீடு கட்ட முடிவு செய்தாள். நிலத்தின் கீழ்ப்பாதி சதுப்பு, மழைக்கு ஆறு ஏறிவிடும். மேடான இடம் நெரீடாவின் வேலியை ஒட்டித்தான்.

நான் குதித்தேன். கவுன்சிலுக்குப் போ, வக்கீலைப் பார், குறைந்தது டெனீலிடமாவது வாயைத் திற என்றேன். கவுன்சிலில் கேட்டாள். உயரம் விதிக்குள்தான் இருக்கிறது, வெயிலைப் பற்றிப் பதிவு எதுவும் இல்லையே என்றார்கள், மரியாதையாகத்தான். டெனீலிடம் போனாள். அவள் அப்பாவுக்குப் பூசணி சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளைத் தாண்டி ரெக்ஸ் நெரீடாவைப் பார்த்தார்; பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஆன்ட்டி, வேற எங்கயாவது கட்ட முடியும்னா காட்டுங்க, நாளைக்கே மாத்திடறேன்,” என்று டெனீல் அழுதுவிட்டாள்.

நெரீடா அந்த நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேறு இடம் இல்லை. தாழ்வாகக் கட்டினால் பிள்ளைகளுக்குப் படுக்க இடமில்லை. என்னிடம் வந்து, “யார்மேல கோவப்படறதுன்னே தெரியல, வில்மா,” என்றாள். எனக்கும் தெரியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போன ஜூனில் மாடிச் சுவரை நிமிர்த்த டெனீல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். போகாதே, காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றேன். “எனக்கு அவர் வந்தாரே,” என்றாள் நெரீடா. விடிந்ததும் எழுந்து ஆப்பிள் கேக் வேறு செய்தாள்.

அன்றைக்குக் காற்று ஆளை அறுத்தது. டெனீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்பாவைக் கொஞ்சநேரம் உங்கள் வீட்டில் உட்கார வைக்கலாமா, அங்கேதான் கதகதப்பாக இருக்கும் என்று கேட்டாள். கேட்பது என்னவென்று அந்தப் பெண்ணுக்கு உறைக்கவில்லை. நெரீடா கதவைத் திறந்துவிட்டாள். ரெக்ஸின் நாற்காலியை ஜன்னலோரம், வெயிலில் நிறுத்தினோம். எனக்கு முழங்கால் சரியில்லை என்று துணைக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

கீழ்ச்சுவர்கள் ஏற்கெனவே நின்றன. அவற்றுக்கு மேலாக வெயில் இன்னும் வந்துகொண்டிருந்தது. வெளிப்பலகை அடித்துத் தயாராக வைத்திருந்த மாடிச் சுவரைச் சுற்றி ஆட்கள் குனிந்தார்கள். ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது. யாரோ நெரீடாவைக் கூப்பிட்டார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி அந்த மூலையைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று சத்தம் கொடுத்துத் தூக்கினார்கள்.

நிழல் முதலில் ரெக்ஸின் செருப்பில் ஏறியது. பிறகு முழங்கால். பிறகு மடியில் கிடந்த அந்தச் செத்த வலது கை. “ரைட்டோ,” என்றார். இடது கையால் கண்ணாடியைத் தட்டினார். “ரைட்டோ, ரைட்டோ,” என்று கத்தினார். அங்கே சுத்தியல் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? சுவர் நேராக நின்றது. நிழல் அவர் முகத்தை மூடிக்கொண்டு கூடத்துக்குள் போயிற்று. வெளியே எல்லாரும் கைதட்டினார்கள்.

நெரீடா உள்ளே வந்து கையுறையைக் கழற்றினாள். விரல்கள் வெள்ளை வெளேரென்றிருந்தன. ரெக்ஸ் அழுதுகொண்டே இடது கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக் குலுக்கினாள்.

“ரைட்டோ,” என்றாள்.

போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மரத்த கைக்கு எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

“சூடு இருக்கா, வில்மா?”

இருக்கிறது என்றேன். அன்றைக்கு இருந்தது.