எங்கள் ஊருக்கு இங்கிலீஷ் வந்தது

எங்கள் ஊருக்கு இங்கிலீஷ் ராசிபுரத்துக் கரி பஸ்ஸில்தான் வந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி இருமிக்கொண்டே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து, ஒரு தகரப் பெட்டியோடும் கறுப்புக் குடையோடும் இங்கிலீஷ் சொல்லித்தர வந்த சேலம் டவுன் டீச்சர் இறங்கினார். முகமெல்லாம் கரித்தூள். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. நாங்கள் டீச்சரைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தோம். இங்கிலீஷ் அதற்குள்தான் இருக்கிறது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

அதற்கு முன்பு ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். பஸ் கண்டக்டரிடம் கேட்டுப் பழகிய போக 'ரைட்', நிற்க 'ஹோல்டான்' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர் ஏர் உழுது வந்தார். மாடுகளுக்கும் அது பழகிப்போயிருந்தது.

நான்காம் வகுப்புக்கு இங்கிலீஷ் என்பது அந்த வருஷம்தான் முதல் தடவை. அதுவும் நிரந்தரம் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பிள்ளைகள் தலையில் ஏதோ ஏறியிருக்கிறது என்று சொன்னால்தான் தொடரும். இல்லாவிட்டால், வேண்டுகிறவர்கள் ராசிபுரம் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். பையன்கள் போவார்கள். என் விஷயத்தில் அப்பா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இங்கியே சொல்லிக் குடுத்தா படிக்கட்டும். ராசிபுரத்துக்கெல்லாம் பொட்டப்புள்ளைய அனுப்ப முடியாது."

அம்மாவிடம் சொன்னதுபோலத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

முதல் நாள் டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஸ்டாண்ட் அப்" என்றார், எழுந்தார். "சிட் டவுன்" என்றார், உட்கார்ந்தார். பிறகு "ஜம்ப்" என்று சொல்லிவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து எழும்பிக் குதித்தார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு பெரிய மனுஷி குதித்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அப்புறம் நாங்களும் குதித்தோம். ஓட்டுக்கூரையிலிருந்து புழுதி கொட்டியது. அடுத்த அறையிலிருந்து ஹெட்மாஸ்டர் ஏதோ இடிந்து விழுந்துவிட்டது என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் வீதி முழுக்க 'ஜம்ப்'தான். எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் நான் 'ஜம்ப்' ஆகி அடி வாங்கினேன். அடி வாங்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது 'யூ' வந்தது. 'யூ' என்றால் நீ, நீங்கள், இரண்டும் அதுதான் என்றார் டீச்சர். வகுப்பு அப்படியே திகைத்துப்போயிற்று.

"எங்கப்பாருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா, அவருக்கும் யூதான்."

"ஹெட்மாஸ்டருக்குங்க?"

"அவருக்கும்."

"சாமிக்குங்க டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சாமிக்கும் யூதான்" என்றார்.

இவ்வளவு மரியாதை கெட்ட பாஷையை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படித்தான் ராஜ்யம் பண்ணுகிறான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் டீச்சருக்குக் கட்டளை சொல்லிப் பழக வேண்டிய நாளில் என் முறை வந்தது. பெரியவரைப் பார்த்து மொட்டையாக 'சிட் டவுன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சிட் டவுனுங்க" என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அதிலிருந்து எங்கள் வகுப்பில் 'கம்முங்க', 'கோவுங்க', 'யெஸ்ஸுங்க' எல்லாம் செல்லுபடியாயின. ஹெட்மாஸ்டர் ஆட்சேபித்தபோது டீச்சர், "முதல்ல வாய் திறக்கட்டும் சார். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

வாய் திறக்காத ஒருத்தி இருந்தாள். நாகு. அவளுடைய அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். வேறு சீமையிலிருந்து வெண்ணந்தூர்ப் பக்கம் வந்து, பிறகு எங்கள் ஊரில் தங்கியவர்கள். வீட்டில் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் அவள் பேசிய தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்க, அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். ஊமை என்றே சிலர் நம்பினார்கள்.

ஒரு நாள் டீச்சர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து, "வாட்டர்" என்றார். பையன்கள் "வாட்டரு" என்றார்கள், "ஓட்டரு" என்றார்கள். நான் என்னமோ சொன்னேன், அதுவும் சரியில்லை. நாகுவின் முன்னால் வந்து டீச்சர் டம்ளரை நீட்டினார். அவள் டம்ளரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"வாட்டர்" என்றாள்.

அவளுக்குக் குரல் இருக்கிறது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. டீச்சர் அந்தத் தண்ணீரை அவளுக்கே குடிக்கக் கொடுத்துவிட்டு, அவளைக் கொண்டுவந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு நாகு தமிழில் பேசினாளோ இல்லையோ, இங்கிலீஷில் மரம், மாடு, மேகம் என்று எதைப் பார்த்தாலும் என் விலாவில் இடித்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரத் துரை வருவார் என்று நம்பி எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்த எங்களுக்கு முதல் ஏமாற்றம், அவர் நம்மவர்தான். ஆனால் கோட்டும் தலைப்பாகையும் மீசையுமாக, துரையை விடத் துரையாக இருந்தார். வகுப்பிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, உயரமான பையனைப் பார்த்து, "வாட் இஸ் யுவர் ஃபாதர்?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார். அவனுக்குத் தெரிந்தது 'ஐ ஆம் எ பாய்' ஒன்றுதான். அதையே கொஞ்சம் மாற்றி, "மை ஃபாதர் இஸ் எ பாய்ங்க" என்றான்.

"பாயிங்கா? வாட் இஸ் பாயிங்கா?" இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஸ்பெக்டர் வேறு இரண்டு பேரைக் கேட்டார். அவர்கள் காலால் தரையைக் கீறினார்கள். எனக்கு அப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. இதோ முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கூரை ஓட்டிலிருந்து விழுந்ததோ, நாற்காலி இடுக்கில் இருந்ததோ, கன்னங்கரேலென்று ஒரு தேள், வாலைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடிமேல் இருந்த இன்ஸ்பெக்டரின் கையை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"ஸ்டாண்ட் அப்!"

கூரை அதிர ஒரு குரல். நாகு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் படித்த பள்ளிக்கூடம் எதுவோ, அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் உடம்பு தானாகவே விறைத்து எழுந்தது. நாற்காலி சாய்ந்தது. தேள் தெறித்து அவர் பூட்ஸ் அருகே விழுந்தது.

"ஜம்ப்!" என்று நாகு கத்தினாள். மற்ற எல்லோருக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. வகுப்பே எழுந்து, "ஜம்ப்புங்க! ஜம்ப்புங்க!" என்று அலறியது. தலைப்பாகை ஒரு பக்கமும் கண்ணாடி ஒரு பக்கமுமாக இன்ஸ்பெக்டர் குதித்தார். நன்றாகவே குதித்தார். உயரமான பையன் தன் சிலேட்டுப் பலகையால் ஒரே போடாகப் போட்டுத் தேளை நசுக்கினான்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையை எடுத்துத் தட்டி வைத்துக்கொண்டார். பிறகு நாகுவை விரலால் அழைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். எதற்காக எழுந்து நிற்கச் சொன்னாய் என்று இங்கிலீஷில் கேட்டார். தேளுக்கு இங்கிலீஷ் எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நாகு ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல வளைத்துக் காட்டினாள்.

"பிளாக்" என்றாள். "ஸ்மால். டெயில் அப்!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மீசை ஆட, வயிறு குலுங்கச் சிரித்தார். "ஸ்கார்ப்பியன்" என்றார். "ஸ்கார்ப்பியனுங்க!" என்றோம் நாங்கள். அவர் டீச்சரிடம் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் இங்கிலீஷ் உண்டு என்று டீச்சர் சொன்னதும் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகை மாடுகள் மிரண்டன. சித்தப்பா ஊர் முழுக்கப் போய், "இன்ஸ்பெக்டரையே ஹோல்டான் பண்ணிட்டாளுங்க நம்ம நாகு புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "அடுத்த வருசத்துக்கும் புத்தகம் வாங்கோணும்" என்றார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

மறுநாள் வகுப்பில் டீச்சர் நாகுவைக் கேட்டார். "உங்க வீட்டுல தேளை என்னன்னு சொல்லுவீங்க?"

அவள் வெகுநேரம் தயங்கி, "தேலு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்களும் தேளுதானே சொல்றோம்! அதையே கத்தியிருந்தா எங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. எதுக்குடி இங்கிலீஷு?"

நாகு தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, முதல் தடவையாக எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் பேசினாள்.

"எது உங்க தேளு, எது எங்க தேலுன்னு யோசிச்சேன். அதுக்குள்ள அது கைகிட்டப் போயிருச்சு. இங்கிலீசுன்னா எல்லாருமே தப்பாத்தானே சொல்றோம். யாரும் சிரிக்க மாட்டீங்க."

கொட்ட வரும் தேளின் முன்னால் நின்றுகொண்டு யாராவது இதையெல்லாம் யோசிப்பார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. டீச்சரும் சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் அன்று இன்னும் எதுவுமே எழுதியிருக்கவில்லை. ஒன்றுமில்லாத பலகையை டீச்சர் எதற்காக அவ்வளவு நேரம் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன்.