வெல்டிங் வக்கீல் மேடையேறிய நாள்

கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி என்று இரும்பில் எது கேட்டாலும் செய்து தருவார் அந்த வெல்டிங்காரர். ஆனால் பட்டறைத் தெருவில் அவருக்குப் பெயர் வக்கீல். கடவுள் என்று யாராவது வாயெடுத்தால் போதும், வெல்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வாதாடக் கிளம்பிவிடுவார். சின்ன வயதில் தாய் நோயில் கிடந்தபோது அவர் வேண்டாத தெய்வம் இல்லை. தாய் பிழைக்கவில்லை. அன்றோடு வேண்டுவதையே விட்டுவிட்டார்.

அவருடைய ஒரே மகள் பட்டப்படிப்பை முடித்ததும் வந்தது வினை. பட்டமளிப்புக்கு முதல் நாள் பல்கலைக்கழகத்தில் சர்வமத வாழ்த்து. வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையேறி, பிள்ளையின் தலையில் கை வைத்து, தங்கள் மத வழக்கப்படி வாழ்த்த வேண்டும். கூடம் மொத்தமும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லும்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போம்மா. அவ எந்தச் சாமியையும் விடமாட்டா. நான் வந்தா வாய் சும்மா இருக்காது."

"நீங்க வராட்டி நானும் ஏறமாட்டேன்ப்பா." மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது உங்க வழக்கை ஒத்திவைங்க. புள்ள மானம் போயிடும்" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே மனைவி கெஞ்சினாள்.

மேடையில் ஒரு தகப்பன் பாடினார், ஒரு தாய் கையேந்தினாள், ஒரு பெரியவர் கண்மூடி முணுமுணுத்தார். மதகுருக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலின் முறை வந்தது. மைக்கைப் பிடித்த தோரணையைப் பார்த்ததுமே மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கு மதம் கிடையாது. பட்டறைச் சத்தத்துல உக்காந்து இவளே படிச்சா. இந்தப் பெருமைல யாரும் பங்குக்கு வரக்கூடாது. நானும் வரல!"

மூத்த குருதான் முதலில் சிரித்தார். வக்கீலிடம் இன்னும் நாலு பாயிண்ட் பாக்கி இருந்தது. அதற்குள் மகள் தலையைக் குனிந்தாள். அவர் கை வைத்தார்.

"நல்லா இருக்கணும்... எம்பொண்ணு எங்க போனாலும் நல்லா இருக்கணும்."

"அப்படியே ஆகட்டும்!" கூடம் அதிர்ந்தது. மகள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். நெஞ்சு நிமிர இறங்கி வந்தார். அவ்வளவு பெருமை, கால் தரையில் பாவவில்லை.

மனைவி விடுவாளா? "நல்லா இருக்கணும்னு கேட்டீங்களே, யாருகிட்டங்க கேட்டீங்க?"

எந்தக் கேள்விக்கும் சளைக்காத மனிதர், முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இத்தனை பேரு ஆகட்டும்னாங்கல்ல? அவங்ககிட்டதான்."