ஐஸில்லாமல் போன இலை

போகிக்கு முந்தின நாள் நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். பெருங்களத்தூரில் கன்னியாகுமரி பேருந்துக்காகக் கும்பலோடு நின்றபோது, வழியனுப்ப வந்தாள் வினிதா. என் பள்ளித் தோழி, இரும்புலியூர்க்காரி. தாவர வைரஸ்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கையில் தெர்மாகோல் பெட்டி.

"இன்னாம்மா, வஞ்சிரமா?" என்றார் பக்கத்துப் பேருந்தின் நடத்துநர்.

"இலைண்ணா."

"இலைக்கு ஐஸா? சோறு எங்க கீது?"

வினிதா சிரிக்கவில்லை. தக்காளி இலையில் மஞ்சள் திட்டு போடும் வைரஸ் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் அவள் கேள்வி. செல்லுக்குள் மெல்லிய புரத இழைகள் சாரம் கட்டியதுபோல ஓடுகின்றன. வைரஸின் புரதம் அவற்றைத் தண்டவாளமாக்கி, செல்சுவரின் துளைவரை போகிறது என்று அவள் நம்பினாள். அந்தப் புரதத்தைப் பச்சையாக ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், புள்ளிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ஒவ்வொரு முறையும்.

"பொங்கலுக்குள்ள ஒரு புள்ளியாவது நகரணும். இல்லைன்னா டாபிக்கை மாத்திடலாம்மா," என்று சொல்லிவிட்டார் நெறியாளர் அனந்தகிருஷ்ணன். நுண்ணோக்கியில் அவளுக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அன்று மாலை, தாம்பரத்தில்.

என் பேருந்து வந்தது. கூட்டம் பாய்ந்தது. யாரோ தோளில் வைத்திருந்த கரும்புக்கட்டு திரும்பியதில் பெட்டி எகிறி, ஐஸ் முழுக்க ஜி.எஸ்.டி. சாலையில் சிதறியது.

"போச்சுடி!" இலைப் பொட்டலத்தை மட்டும் அள்ளிக்கொண்டாள்.

"ஐஸ் வச்சப்ப மட்டும் என்ன ஆடிச்சாம்? போய்ப் பாருடி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

மீதியைப் பல ஊர் சுற்றித் திரும்பிய பிறகுதான் அவள் வாயால் கேட்டேன்.

பண்டிகை நெரிசலில் அவள் ஏறிய பேருந்து ஊர்ந்தது. பொட்டலம் மடியிலேயே வெதுவெதுப்பாகக் கிடந்தது. முன்பதிவை வீணாக்க மனமில்லாமல்தான் இலையை லென்ஸின் கீழ் வைத்தாள். புள்ளிகள் வரிசை பிடித்து ஓடின.

அவர்கள் ஆய்வகத்தில் எல்லாமே ஐஸில்தான் பயணம் செய்யும். ஆர்.என்.ஏ. கெட்டுவிடக் கூடாது என்று பழகிய கை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துச் செடிக்கூடத்தில் கிள்ளிய இலையையும் அப்படியே கொண்டுவந்து, ஐஸிலிருந்து எடுத்த கையோடு பார்ப்பாள். குளிரில் அந்த இழைகள் கலைந்துபோகும் என்று அவளே பரீட்சையில் எழுதியிருக்கிறாள். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு ரயிலுக்குக் காத்திருந்திருக்கிறாள்!

அங்கிருந்தே நெறியாளருக்குப் போன் போட்டாள். "சார், ஓடுது சார்!"

"எது ஓடுது?"

"எல்லாமே சார்!"

ஒரு முறை ஓடினால் போதாது என்றார் அவர். பொங்கல் கழிந்ததும் அவர் எதிரிலேயே ஓர் இலையை இரண்டாக வெட்டினாள். பாதி ஐஸில், பாதி வெளியில். வெளியில் இருந்தது ஓடியது. ஐஸில் இருந்தது அசையவில்லை. அதையும் சூடேறவிட்டாள். முதலில் ஒரு புள்ளி நகர்ந்தது. பிறகு கூட்டமாகக் கிளம்பின. வைரஸுக்குத் தண்டவாளம் வேண்டும் என்பதற்கு அவள் தவறே சாட்சியானது.

அனந்தகிருஷ்ணன் சார் நெடுநேரம் திரையைவிட்டு நகரவில்லை. "டாபிக் அப்படியே இருக்கட்டும்," என்றார்.

இப்போது அவள் டாக்டர் வினிதா. ஆய்வுக் கட்டுரை வெளியாகி வெகு காலத்துக்குப் பின், போன வாரம், முன்பின் தெரியாத ஒரு கோவை மாணவியிடமிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. உடனே எனக்கும் அனுப்பினாள்:

"அக்கா, நீங்க எழுதின மாதிரி ஐஸ் இல்லாம செடியோட தூக்கிட்டுப் போனோம். எங்களுக்கும் ஓடுது!"