முத்திரை போட்ட ஏ.சி.

"ஆண்டனி ஏ.சி. கேஸைத் திருடிட்டான்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. நீங்க போய்ப் பாருங்க. கேஸ் கம்மியா இருந்தா இன்னைக்கே அவன் டூல் கிட்டை வாங்கி வச்சிட்டு வேலையை விட்டு அனுப்பிடறேன்." ஒரு நாள் காலையில் முதலாளி என்னிடம் சொன்னது இது. ஆண்டனி எங்கள் சர்வீஸ் சென்டர் மெக்கானிக். வீட்டில் கைக்குழந்தை.

விஜயநகரில் ஒரு வீடு. போன கோடையில் ஆண்டனி கேஸ் நிரப்பிய ஏ.சி. இப்போது குளிரவில்லை. எனக்கும் அவன்மேல் முழு நம்பிக்கை கிடையாது. பிரஷர் பார்க்கும் கேஜைக் காட்டி, 'புஸ்'ஸென்று சத்தம் காட்டி, காற்றை விற்ற பலரை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். புகார் சொல்கிறவர்களையும் நான் சட்டென்று நம்புவதில்லை.

வீட்டுக்காரர் ரங்கசாமி கொள்ளேகால் பக்கத்துக்காரர், பேச்சில் கன்னடமும் கலக்கும். கஜானா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் செருப்பைக் கழற்றும் முன்பே பையைத் திறந்து காட்டச் சொன்னார். மாடியில் அவுட்டோர் யூனிட்டின் வால்வு மூடிகளில் காகிதப் பட்டை, அதில் அவர் கையெழுத்து, நனையாமல் இருக்க மேலே டேப்.

"கஜானாக் கதவுக்குத் தினமும் இப்படித்தானுங்க முத்திரை வெச்சோம். அந்தப் பையன் போனதுமே ஒட்டிட்டேன். கிழியாம இருக்குது பாருங்க. அப்புறம் கேஸ் எங்கீங்க போகும்? அவன் போடவே இல்லீங்க!"

பட்டையை அவரே கிழித்தார். ஏ.சி.யை ஓடவிட்டு கேஜ் மாட்டினேன். கேஸ் திரும்பி வரும் பக்கத்துப் பிரஷர், சக்‌ஷன் பிரஷர், ரொம்பக் கீழே நின்றது. கேஸ் கம்மியென்றாலும் இப்படித்தான் காட்டும். அவர் முகத்தில் வெற்றிக் களை. முதலாளிக்குச் சொல்லப் போனை எடுத்தபோதுதான் யூனிட்டில் சேரும் இரண்டு பைப்பில் பெரியதைக் கவனித்தேன். வால்வு வரை ஐஸ் பிடித்திருந்தது. கேஸ் குறைந்தால் சின்ன பைப்பில்தான் ஐஸ் பிடிக்கும், பெரிய பைப் சரியாகக் குளிராது. இது கேஸ் பிரச்சினை மாதிரி இல்லை. உள்ளே காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது.

"இண்டோரைத் திறக்கணும் சார்."

"அதெதுக்குங்க? சும்னே கழட்டிப்போட்டு இன்னொரு பார்ட் போச்சும்பீங்க."

கீழே வந்து பார்த்தால் இண்டோர் முன்மூடியிலும் அதே பட்டை, அதே கையெழுத்து! சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, "ஃபில்டரைக் கழுவறேன்னு நான் கேட்டாக்கூட விடலீங்க" என்றார்.

அந்தப் பட்டையையும் அவரையே கிழிக்கவைத்துத் திறந்தேன். ஃபில்டர் கண்ணுக்கே தெரியவில்லை, கம்பளி மாதிரி தூசி. கழுவிக் காயவைத்து, வெறும் ஃபேனை ஓட்டி ஐஸைக் கரைத்து, மறுபடி ஏ.சி.யைப் போட்டேன். பிரஷர் தானாக ஏறி சரியான இடத்தில் நின்றது. கேஸ் கொஞ்சம்கூடச் சேர்க்கவில்லை. அறை குளிர்ந்தது. எனக்குத்தான் பெரிய நிம்மதி.

"உங்க கேஜ் ஒழுங்காக் காட்டுதுங்களா?" என்றார் ரங்கசாமி.

முதலாளிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பையன் மேல தப்பு இல்லீங்க. அடுத்த தடவையும் அவனையே அனுப்புங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட இவரையும் அனுப்புங்க, பார்த்துக்கிடட்டும்" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரஷர் கம்மி என்றாலே கேஸ் கம்மி என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள். அதைக் குழாயடியில் கழுவிவிடலாம். திருடன் என்று எடுத்த பேரை அப்படிக் கழுவ முடியாது.