கையில் வாங்கும் ரொட்டி

ஊரைவிட்டு வந்து மோர்னிங்சைட்டில் குடியிருக்கும் அருள்நாயகிக்கு உடம்பில் நோகாத இடம் குறைவு. மார்க்கம் நகரத்து அலுவலகங்களைத் துடைத்துத் துடைத்து முழங்கால் தேய்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய அலுப்பு, "ஊரிலை எவடம்?" என்ற கேள்வி. கேட்பவர்களுக்கு வேண்டியது ஊரல்ல, சாதி. கோயில் அன்னதானச் சமையலில் யோகராணி அப்படிக் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்ட நாளோடு அருள்நாயகியின் கையிலிருந்து அகப்பை போய்விட்டது. "நீர் பாத்திரங்களைப் பாரும்," என்றார்கள்.

கூட வேலை செய்யும் ஹர்ஜிந்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சீக்கியக் கோயிலான குருத்துவாராவுக்குக் கூட்டிப்போனாள். தலையை மூடிக்கொண்டு நுழைந்த அருள்நாயகி, ஒருவரும் சொல்லாமலே பாத்திரம் கழுவும் தொட்டியடிக்குப் போனாள். அங்கே நல்ல சட்டை போட்ட ஆண்கள் முழங்கைவரை நுரையோடு நின்றார்கள். நகர்ந்து இடம் தர ஒருவரும் ஆயத்தமில்லை.

"இந்த இடத்துக்குப் போட்டி அதிகம்," என்று ஹர்ஜிந்தர் சிரித்தாள். இருவருக்கும் பொதுவானது உடைந்த ஆங்கிலம்தான். "நீ ரொட்டி போடு."

"நான் யாரென்று இவர்களுக்குச் சொன்னாயா?"

"சொன்னேன். வேலையில் சரியான ஆமை என்று."

ரொட்டி சுட்டு முடிந்ததும் கூடையைக் கொடுத்துப் பந்திக்கு அனுப்பினார்கள். எல்லாரும் நிலத்தில் ஒரே வரிசையாக இருந்தார்கள். இங்கே ரொட்டியைத் தட்டில் போடுவதில்லை. இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கவேண்டும்.

வரிசை நடுவில் யோகராணி இருந்தாள். மகன் பிரவீனன் கட்டப்போவது பஞ்சாபிப் பெண்ணை. சம்பந்தியம்மா பக்கத்தில்.

"நீரோ? இஞ்சை என்ன செய்யிறீர்?"

"ரொட்டி குடுக்கிறன், அக்கா."

யோகராணி தட்டை நீட்டினாள். "இதிலை போடும்."

"இஞ்சை கையிலைதான் குடுக்கிறது."

"உது ஆர் சுட்டது?"

"எல்லாரும்தான். நானும் சுட்டனான்."

தட்டு அப்படியே நின்றது. இங்கேயும் தன் கையால் வாங்கமாட்டார்கள் என்றால், இனி ஒரு சமையலறையிலும் கால் வைப்பதில்லை என்று அருள்நாயகி நினைத்தாள். கெஞ்சவும் தெம்பில்லை, சண்டைபிடிக்கவும் தெம்பில்லை. குனிந்தபடியே நின்றாள்.

சம்பந்தியம்மா திரும்பி, ரொட்டி ஏந்திய தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். பாவம், வருங்காலச் சம்பந்திக்கு வழக்கம் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

யோகராணி தட்டை வைத்தாள். கைகள் மெல்ல எழும்பின. அருள்நாயகி ரொட்டியை வைத்தாள்.

"இன்னொண்டு வைக்கட்டே, அக்கா?"

"காணும், போதும்."

வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. பொழுதுபடமுன் யோகராணி வழியாகக் கோயில்காரர் எல்லாருக்கும் இந்தக் கதை தொலைபேசியில் போய்விடும். போகட்டும் என்று முழங்காலைப் பிடித்து நிமிர்ந்து, அடுத்தவரிடம் நகர்ந்தாள்.