அண்ணனின் ஆணியில் எனக்கொரு அளவுநூல்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. பூசையன்று கொடுக்கும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மகன் வந்து நின்றான். முப்பது வருடம் பதுளை–வெலிமடை பஸ்ஸில் கண்டக்டராக நின்று "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்தியதைத் தவிர தமிழுக்கு நான் வேறொன்றும் செய்ததில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்பாவப் பத்தி ஒங்களுக்குத்தானே சித்தப்பா நெறையத் தெரியும்" என்றான். அது உண்மைதான். ஒருவரைப் பார்த்து அறுபது வருடமாகப் பொறாமைப்பட்டவன் அளவுக்கு அவரை உன்னிப்பாகக் கவனித்தவன் வேறு யார் இருக்கப் போகிறான்?

ஆகவே உறவினர்களும் நண்பர்களும் மன்னிக்க வேண்டும். இது ஒரு பொறாமைக்காரன் எழுதும் கட்டுரை.

அண்ணன் ஹாலிஎலைக்கு மேலே, நம் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், பத்து அறைகள் வரிசையாக ஒட்டிய லயத்தின் நாலாவது காம்பராவில் பிறந்தார். இரண்டு வருடம் கழித்து அதே காம்பராவில் நான் வந்து சேர்ந்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் வெளியில் போட்டுப் போக ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் இருந்தது. கோதுமை மா வந்த துணிச் சாக்கைப் பிரித்து அம்மா கையாலேயே தைத்தது. முதுகில் பச்சை எழுத்து. எத்தனை தரம் வெளுத்தாலும் அந்தப் பச்சை போகவில்லை. அண்ணன் வளர மறந்தவர், நான் வளர்வதை நிறுத்த மறந்தவன்; அதனால் சட்டை இருவருக்கும் சரியாக இருந்தது. பதுளைக்குப் போவதென்றால் ஒருவர்தான் போகலாம். திருவிழாவில் சாமி புறப்படும்வரை சட்டை அண்ணனுக்கு, சாமி திரும்பும்போது எனக்கு. கடலையும் பொங்கலும் கொடுக்கிற பாதியை அவர் எனக்கு விட்டுத்தந்தார். எனக்கோ, முதலில் போட்டவர் அவர்தானே என்று பொறாமை.

அப்பா காய்ச்சலில் போனபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. மறுமாதமே படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தார். "ஒருத்தனாவது படிக்கட்டும்மா" என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்த ஒருத்தன் சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதினான். இரண்டு தரமும் பரீட்சைதான் ஜெயித்தது. அதற்குப் பிறகும் லயத்தில் எல்லோரும் "படிப்ப விட்டான் பாரு, அந்தப் பிள்ளை" என்று அவரைத்தான் புகழ்ந்தார்கள். படித்தவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டைகளின் வாயைத் தைக்கும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. விரல் நீளத்தில் வளைந்த சாக்கு ஊசி, சணல் நூல். ஏழெட்டு வருடம் அதைப் பிடித்த கை, ஒரு நாள் அம்மாவின் கிழிந்த சேலையை எடுத்துச் சின்ன ஊசியால் தைத்துப் பார்த்தது. அம்மா தையல் விழுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது அவருடைய தையலும் என்னுடைய வயிற்றெரிச்சலும்.

பதுளையில் ஒரு தையல்கடை. அதன் முதலாளியை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை அவர் அண்ணனுக்காக ஒரு பையில் சேர்த்து வைப்பார். அந்தத் துண்டுகளிலிருந்து அண்ணனின் கையில் போர்வை வந்தது, கால்மிதி வந்தது, பேத்திக்கு நாலு பை வைத்த கவுன் வந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அறுக்காமலிருக்க எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தலை மெத்தை செய்து கொடுத்தார். ஒரு மெஷின் வாங்கலாமே என்று சொன்னவர்களிடம், லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டாமா என்று கேட்பார். கடைசிவரை கைத்தையல்தான்.

அவர் டேப் வைத்து அளந்ததில்லை. ஒருவருக்குத் தைப்பதென்றால் அவரை நிற்கவைத்துச் சணல் நூலால் அளப்பார். தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு. யாருடைய நூல் என்று தெரிய நுனியில் அவர்களுடைய துணியில் ஒரு துண்டைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார். அதற்குப் பிறகு ஆள் இல்லாமலேயே தைத்துவிடுவார். தைத்தது தோல் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லோருக்கும் ஒட்டியது. எனக்கு மட்டும் ஒட்டவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு சட்டை தருவார். ஒவ்வொரு வருடமும் அது இறுக்கும். "எப்படிடா இருக்கு?" என்று கேட்பார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "அருமையா இருக்கு அண்ணே" என்பேன். ஒரு தரம் வெலிமடைச் சந்தியில் ஒருவருக்கு மிச்சக் காசு கொடுக்கக் குனிந்தபோது மூன்றாவது பொத்தான் தெறித்து ஒரு அம்மாவின் லீக்ஸ் மரக்கறிக் கட்டுக்குள் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வயித்த வீட்டுல வெச்சிட்டு வேலைக்கு வாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் மட்டும், ஊருக்கெல்லாம் அளந்து தைக்கிறவர் எனக்கு மட்டும் ஏன் ஏனோதானோவென்று தைக்கிறார் என்று வெந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. அண்ணன் தைத்துத் தந்த வாசல் திரையைத் தொட்டால் "மாமா தைச்சது, கறையாக்கிடாதீங்க" என்பாள் என் மனைவி. கேட்டுக் கேட்டு ரோஷம் வந்து, நானும் ஒரு தலையணை உறை தைத்துக் காட்டுவதென்று இறங்கினேன். இரண்டு நாள் பாடுபட்டேன். அண்ணன் மூட்டை தைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா, நாலு பக்கமும் உறுதியாகத் தைத்து முடித்துவிட்டேன். தலையணையை எந்த வழியாக உள்ளே விடுவது என்று மகள் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவள் அதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். அண்ணன் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஓரம் மடித்து, இரண்டு பொத்தான் வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். என் கோணல் தையல் மூன்று பக்கம், அவருடைய நேர்த்தையல் ஒரு பக்கம். அதில் தலை வைத்து நான் ஒரு நாளும் படுத்ததில்லை.

பிறகு ஒரு நாள், அவர் ஸ்டோருக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அண்ணி தேத்தண்ணி போட உள்ளே போனதும் கதவுக்குப் பின்னால் போய் நூல்களை எண்ணினேன். மொத்தம் பதினொன்று. அண்ணிக்கு, மகனுக்கு, மகளுக்கு, மருமகனுக்கு, பேரனுக்கு, பேத்திக்கு. என் மனைவிக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று. கோயில் அம்மனுக்கு ஒன்று. அம்மனோடு போட்டி போட முடியாது, விட்டுவிட்டேன். அடுத்தது எங்கள் பஸ் டிரைவர் உட்காரும் சீட்டுக்கு. கடைசி நூலின் நுனியில் பச்சைக் கறையோடு பழைய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எங்கள் மா சாக்குச் சட்டைத் துணி. அது அண்ணனுடையது. பஸ் சீட்டுக்கு நூல் இருந்தது. எனக்கு இல்லை.

மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடுண்ட சமயம், அண்ணன் வேலைவிட்டு வந்த கையோடு ஊசியை எடுத்துச் சேர்த்து வைத்திருந்த துண்டுகளையெல்லாம் இணைத்து ஏழு போர்வை தைத்தார். இருவருமாகச் சுமந்துபோய் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தவர்களுக்குக் கொடுத்தோம். ஒரு சின்னப் பெண் அந்தப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுகூட, எனக்கு ஒரு போர்வை தைக்க இவருக்குத் தோன்றவில்லையே என்று என் மனம் முனகியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. ஓய்வு பெற்றிருந்த அண்ணனுக்கு அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வழக்கம்போலச் சட்டை தந்தார். வழக்கம்போல இறுக்கியது. அந்த முறை எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, பஸ் சீட்டுக்கு அளவுநூல் வெச்சிருக்கீங்க. எனக்கு ஏன் இல்ல?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒனக்கு எதுக்குடா தனியா? என் நூலுதானே ஒனக்கும்."

"எப்பருந்து?"

"அந்த மா சாக்குச் சட்டைலருந்து."

நாற்பது வருடமாக அவர் தன் உடம்பில் அளந்து எனக்குத் தைத்திருக்கிறார். "அண்ணே, நீங்க ஒரு ஆளு. நான் இப்ப ஒன்றரை ஆளு" என்றேன்.

"தம்பிக்கு இறுக்குது, இறுக்குதுன்னு நானும் எத்தன வருசமா சொல்றேன்" என்றார் அண்ணி அடுப்பங்கரையிலிருந்து.

"இறுக்குதுன்னு அவன் ஒரு நாளாச்சும் சொன்னானா? அருமையா இருக்குன்னுதானே சொன்னான்" என்றார் அண்ணன்.

அந்த இடத்திலேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். கண்டக்டர் வாய், மூடவில்லை. எனக்கென்று தனியாக ஒரு நூல் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் எழுந்து சணல் பந்தை எடுத்து, என்னை நிற்கவைத்து அளந்தார். இடுப்பை அளக்க இரண்டு கையாலும் என்னைச் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. "நூலு பத்தாது போல இருக்கேடா" என்று சிரித்தார். முடிச்சுப் போட்டு, என் சட்டைத் துணியில் ஒரு துண்டைக் கட்டி, ஆணியில் பன்னிரண்டாவதாக மாட்டினார். ஏதோ தேர்தலில் ஜெயித்தவனைப் போல வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நூலை வைத்து அவர் ஒரே ஒரு சட்டைதான் தைத்தார். அதுவே அவருடைய கடைசித் தையல். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. குனிந்தேன், நிமிர்ந்தேன், ஒரு பொத்தானும் முனகவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் பதுளை ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்தபடி அவருடைய விரல்கள் படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தன.

"புதுச் சட்டையா? இறுக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே, சரியா இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் அமைதியாகக் காலமானார்.

நாற்பது வருடம் இறுக்கும்போதெல்லாம் இறுக்கவில்லை என்று பொய் சொன்னவன், லேசா இறுக்குது அண்ணே என்று அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

அடக்கத்துக்கு முன் அண்ணி ஆணியிலிருந்த நூல்களைக் கழற்றி அவரவர் கையில் கொடுத்தார். டிரைவரும் பஸ் சீட்டின் நூலைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். எனக்கு என் நூல் வந்தது. பச்சைக் கறைத் துணி கட்டிய அந்தப் பழைய நூலை அண்ணி அண்ணனின் சட்டைப் பையில் வைத்தார். நான் கை நீட்டியதை அவர் பார்த்திருக்க வேண்டும். "ஒங்களுக்குத்தான் தனியா இருக்கே தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். என்னுடையதாகவும் இருந்த நூல் அவரோடு போயிற்று. நான் கேட்டு வாங்கிய நூல் என்னிடம் இருக்கிறது. மனிதர்களை விட்டுவிட்டு இப்போது ஒரு சணல் நூலைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்திருக்கிறேன்.

அண்ணனின் கடைசி நாட்களில் அவரைத் தங்கள் வீட்டு மனிதர்போல் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அன்றைக்குக் காலைப் பெரட்டுக்கும் வேலைக்கும் போகாமல் வந்து குழி வெட்டிய நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துச் சமைத்த லயத்துச் சகோதரிகளுக்கும், மழையில் நனைந்தபடி மயானம்வரை நடந்துவந்த நானாவுக்கும், பஸ்ஸை லயத்தடியில் நிறுத்திவிட்டுத் தோள் கொடுத்த டிரைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு வேண்டுகோள். இன்றைய நினைவுப் பூசைக்கு நான் பொருந்துகிற சட்டையைப் போட்டு வரவில்லை. அண்ணன் தன் அளவில் எனக்குத் தைத்த பழையதைத்தான் போட்டிருக்கிறேன். எனக்கு எதிரே உட்காருகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவும். மூன்றாவது பொத்தான் தெறித்தால் தேடி எடுத்து என்னிடமே தந்துவிடுங்கள். அதைத் திரும்பத் தைக்க இனி ஆளில்லை. நான் தைத்தால் சட்டைக்கு வாயே இருக்காது.