அத்தை பேசிய நாலேகால் நிமிடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். இப்போது நான் சொல்லும்போது நீங்கள் எழுந்து போனாலும் தப்பாக நினைக்க மாட்டேன். விருத்தாசலத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன், இல்லாத புகையைப் போடுவதும் இல்லாத வெளிச்சத்தைக் காட்டுவதும்தான் என் தொழில், என்னிடம் வந்து யாரும் கதை விட முடியாது. அப்படியும் இது நடந்தது, அதுவும் ராத்திரி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில்.

என் அப்பாவின் தங்கை அஞ்சலை அத்தை இங்கே ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை துடைக்கிறாள். பளபளப்புப் பூச்சில் முக்கியெடுத்த கட்டைகளின் அடியை ஸ்பாஞ்சால் துடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மாமா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அரை ஷிப்டு வேலைக்குப் போனாள். அவள் வருவதற்குள் மாமா போய்விட்டார். அன்றைக்கும் அழவில்லை, அதற்கப்புறம் ஒன்றரை வருஷமாகவும் அழவில்லை. மாமா பேச்சை எடுத்தால் கையில் கிடைத்த பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அத்தை என்றால் எனக்கு உயிர். சின்ன வயதில் அம்மா அடிக்க வந்தால் நான் ஓடி ஒளிகிற இடம் அவள்தான். அதனால் ஒரு குறும்படம் எழுதினேன். தூரதேசம் போகிற புருஷனிடம் ஒரு பெண்சாதி பேசுகிறாள், அவ்வளவுதான் கதை. ஊருக்கு அது குறும்படம், உண்மையில் அத்தையை வாய் திறக்க வைக்க நான் போட்ட நாடகம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். கம்பெனி முதலாளியும் லீவு நாள்தானே என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

என் கேமரா பழைய டிஎஸ்எல்ஆர். என் கூட்டாளி கண்ணன் ஏதோ இலவச சாஃப்ட்வேரை அதில் ஏற்றி ரா வீடியோ எடுக்கிற மாதிரி செய்து வைத்திருந்தான். ரா என்றால் வேறொன்றுமில்லை, ஒவ்வொரு நொடியிலும் இருபத்துநாலு முழு போட்டோ. சினிமா மாதிரியே இருக்கும். ஆனால் மெமரி கார்டு அந்த வேகத்துக்கு எழுத முடியாமல் திணறி, பன்னிரண்டு நொடியில் கேமரா தானாக நின்றுவிடும். சத்தமும் பதியாது, அதற்குத் தனியாக என் போனை ரெக்கார்டிங் போட்டு அத்தை பக்கத்தில் வைத்திருந்தேன்.

காலையிலிருந்து இதே பாடு. அத்தை கட்டையைத் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பிப்பாள், வாய்க்கு வார்த்தை வருகிற நேரத்தில் கேமரா நின்றுவிடும், திரும்பவும் முதலிலிருந்து வா என்பேன். பத்து தடவை பொறுத்துக்கொண்டாள். பிறகு ஸ்பாஞ்சை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பன்னண்டு நொடிக்கே நின்னு போவுதுன்னா, நான் சொல்றத அது எங்கடா தாங்கப் போவுது?"

கொஞ்ச நேரம் என்னையும் கண்ணனையும் வெளியே இருக்கச் சொன்னாள், முகத்தைப் பார்த்தால் பேச்சு வரவில்லையாம், தனியாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறாளாம். சரியென்று வந்தோம். வரும்போது ஒரு பழக்கத்தில் ரெக்கார்டு பட்டனை அமுக்கிவிட்டு வந்தேன், அதுதான் பன்னிரண்டு நொடியில் நின்றுவிடுமே.

வாசலில் பிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தோம். உள்ளே அவள் குரல் கேட்டது. நடுவில் சிரித்தாள், அப்புறம் விம்மி விம்மி அழுதாள். கண்ணன் எழுந்தான், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவள் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, முடிந்துவிட்டது, வூட்டுக்குப் போகலாம் என்றாள்.

உள்ளே ஓடிப் பார்த்தால் நம்பினால் நம்புங்கள், நாலேகால் நிமிடம் பதிவாகியிருக்கிறது. அதே கார்டு, அதே கேமரா. கண்ணன் அங்கேயே திரும்ப ஒரு தடவை ரெக்கார்டு போட்டுப் பார்த்தான், பன்னிரண்டு நொடியில் நின்றது. இன்று வரைக்கும் பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் லேப்டாப்பில் ஏற்றி, போனில் இருந்த குரலோடு சேர்த்து ஓட்டினோம். கதையில் இருந்த வசனம் ஒன்றுகூட இல்லை.

"மூணு மணிக்கு வரேன்னுதான சொல்லிட்டுப் போனேன். அதுக்குள்ள என்னா அவசரம் உங்களுக்கு?"

அப்புறம் நிறுத்துகிறாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து, சிரிக்கிறாள், அழுகிறாள். போனில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். மூன்றாவது நிமிடத்தில் எழுந்து கேமராவை நோக்கி நடந்து வருகிறாள். கண்ணன் அங்கே நிறுத்தி, அவள் முகத்தைத் தொட்டுக் காட்டினான். நான் போட்டிருந்தது கையால் ஃபோகஸ் திருப்புகிற பழைய லென்ஸ், ஆள் நகர்ந்தால் கூடவே வளையத்தைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் முகம் மங்கிவிடும். அத்தை முகம் ஓரடி தூரத்துக்குக்கூட மங்கவில்லை. கல்யாண வீட்டில் என் கைக்கே அவ்வளவு சுத்தமாக வராது. மறுபடி ஓட்டினோம். கிட்டே வந்து நிற்கிறாள், கண் லென்ஸைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே, பின்னால் நிற்கிற ஒருவரை அண்ணாந்து பார்க்கிறது. போயிட்டு வாங்க என்கிறாள். அதோடு பதிவு முடிகிறது.

கண்ணன் கிளம்பிய பிறகு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்கு நல்ல போட்டோ ஒன்றுகூட கிடையாது, சுவரில் மாலை போட்டிருப்பதே ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கியதுதான். இது ரா. எவ்வளவு இருட்டையும் வெளிச்சமாக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். அத்தையின் கருவிழியில் எதிரே நின்றவர் தெரிந்தாக வேண்டும். கடைசி போட்டோவை எடுத்து பெரிதாக்குவதற்காக அவள் கண்மேல் மவுஸ் அம்புக்குறியை வைத்தேன். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை பின்கட்டில் சமையலில் இருந்தாள், அங்கிருந்து பார்த்தால் நான் இருந்த அறையே தெரியாது.

"வாணாம்டா செந்திலு," என்றாள் அங்கிருந்தபடியே. "அவருக்கு போட்டோ எடுத்தாவே புடிக்காதுன்றாரு."